சிவ என்னும் ஒலியும் சிவமென்னும் பொருளும்

ஒலி வேறு, சொல் வேறு, பொருள் வேறு. ஒலியாவது செவிக்குப் புலனாவது. சொல்லாவது அவ்வொலி ஒரு மக்கட் கூட்டத்தாரின் வழக்கிலே நின்று ஒன்றனை யுணர்த்துவது. பொருளாவது அச்சொல்லாற் சுட்டப்படுவது. இம்மூன்றனையும் ஒன்றெனக் கொள்வார்க்கு நேரும் இடர்ப்பாடுகள் பல. அவற்றுள் ஒன்று, ஓரொலி இருவேறு மொழிகளில் வழங்கக் கண்டவிடத்து, அவையிரண்டும் ஒரு சொல்லே யென்றும், ஒரு பொருளையே குறித்தன வென்றும் துணிந்து விடுதலாம். உலகத்தில் வழங்கும் மொழிகள் ஆயிரக்கணக்கின. மக்கள் வாயினின்று பிறக்கும் எழுத்தொலிகளோ மிகச் சிலவே. ஆகலின், ஒரு மொழியின் குறுஞ்சொல் மற்றொரு மொழியின் குறுஞ்சொல்லை ஒலியளவில் ஒத்து நிற்றல் இயல்பேயன்றி வியப்பன்று.

இவ்வுண்மை பிற சொற்களிடத்து எளிதின் உடன்படப்படும். தமிழிற் பதி யென்பது ஊரையும் உறைவிடத்தையும் உணர்த்தும். பதிதல் என்னும் வினையோடு தொடர்புடையது. வடமொழியிற் பதி யென்பது தலைவனை உணர்த்தும். பசு வென்பது தமிழிற் பசுமைப் பண்பின் அடியாய்ப் பசுந்தளிர், பசும்புல் என நிற்கும். வடமொழியில் விலங்கினைக் குறித்துப் பின் ஆன்மாவைக் குறிக்கும். முப்பொருள் கூறும் சித்தாந்த நூல்களிற் பதி யென்புழி ஊரென்றும், பசு வென்புழிப் பச்சை நிறமென்றும் கொள்வார் ஒருவருமிலர். ஒலி யொன்றாயினும் சொல் வேறென்பது ஆங்கு இளமாணாக்கர்க்கும் தெளிவாம்.

ஆனால் சிவ என்னும் ஒலியை யெடுத்துக்கொண்டால் அத்தெளிவு பலர்க்கு நிலைப்பதில்லை. அன்புடையார், தம் அன்புக்குரிய பெயர் எவ்விடத்துக் கேட்பினும் அது தம் தலைவனையே குறிப்பதாகக் கருதுவர். அன்பின் இயல்பு அதுவாகலின் அதனைக் குற்றமென்றல் கூடாது. அக்கருத்தை ஆராய்ச்சியின் முடிபாக எழுதி, அதனைக்கொண்டு சைவத்தின் தொன்மையையும் பரப்பையும் நாட்டப் புகும்போதே ஆராய வேண்டுவதொன்று தோன்றுகின்றது. இறைவன் திருநாமத்தின் பெருமையை நிலைநாட்டுதற் பொருட்டு, உறுதிப்படாத சொல்லொப்புமையைச் சான்றாகக் காட்டுதல் சைவர்க்கு அறமாகுமா? அவ்வொப்புமை பொய்ப்படின் திருநாமத்தின் பெருமைக்குக் குறை யுண்டாகுமா? இவ்விரண்டுமே ஈண்டு ஆராயப்படுவன.

முதற்கண் வடமொழி வழக்கினை நோக்குவாம். இருக்கு வேதத்திற் சிவ என்பது பெரும்பாலும் பண்புணர்த்தும் அடைமொழியாகவே வருகின்றது. இன்முகமுடைய, நன்மை தருகின்ற, மங்கலமான என்பன அதன் பொருள். அக்கினி, இந்திரன் முதலியோரும் அவ்வடைமொழி பெறுகின்றனர். உருத்திரனும் அதனைப் பெறுகின்றான். அவ்வேதத்தின் ஏழாம் மண்டலத்திற் பதின்மரசர் போரைக் கூறுமிடத்து ஒரு குடியினரும் சிவர் எனப்படுகின்றனர். எசுர் வேதத்துச் சதருத்திரீயத்தில் இறைவன் சிவன் என்றும், அதன் ஒப்புநிலையாகச் சிவதரன், அஃதாவது மேலும் மங்கலமானவன், என்றும் வணங்கப்படுகின்றான். ஒப்புநிலை யுருபை ஏற்றல் பண்புச் சொல்லின் இலக்கணமாதலின், அச்சொல் அங்கே மங்கலமென்னும் பொருளையே தாங்கிற்று என்பது தெளிவு. சுவேதாசுவதர உபநிடதத்தில் அது முழுமுதற் கடவுளைக் குறித்து நிற்கின்றது.

அச்சொல்லின் தோற்றத்தை வடநூலார் இருவகையாற் கூறுவர். கிடத்தல் என்னும் பொருளுடைய சீ என்னும் வினைப்பகுதியிற் பிறந்து, எல்லாம் தன்கண் ஒடுங்கிக் கிடத்தற்கு இடமானவன் எனப் பொருள்படும் என்பர் ஒரு சாரார். விரும்புதல் என்னும் பொருளுடைய வச் என்னும் பகுதி எழுத்து நிலைமாறிச் சிவ என ஆயிற்றென்பர் மற்றொரு சாரார். இக்காலத்து ஒப்பியன் மொழிநூலார் முன்னதனோடு ஒருவாறு ஒத்து, கிடத்தல், தங்குதல் என்னும் பொருளுடைய பழைய வேரொன்றையே காட்டுவர். உடன் தங்குவோர் இனியராதல் பற்றி இனிமைப் பொருளும் நன்மைப் பொருளும் கிளைத்தன என்பது அவர் கருத்து. அவ்வேரினின்றே இலத்தீன் மொழியிற் குடிமகனைக் குறிக்கும் கீவிஸ் என்னும் சொல்லும் பிறந்தது என்பர்.

ஒரு மொழியினுள்ளேயே அச்சொல் எத்துணைத் தூரம் செல்கின்ற தென்பதற்கு மற்றொன்று காட்டலாம். வடமொழியிற் சிவா என்னும் பெண்பாற் பெயர் அம்மையைக் குறிப்பதோடு நரியையும் குறிக்கும். நரியின் ஊளை தீநிமித்த மெனப்படுதலின், அமங்கலமானதனை மங்கலச் சொல்லாற் கூறும் வழக்குப் பற்றி அப்பெயர் வந்தது. ஒலியும் ஒன்று, சொல்லும் ஒன்று, மொழியும் ஒன்று. ஆயினும் பொருள் எங்ஙனம் விலகிற்று என்று காண்க.

இனித் தமிழ் வழக்கு. தமிழிற் சிவ என்பது வினைப்பகுதி. சிவத்தல், சிவந்தது, சிவப்பு என வரும். செம்மை, செய்ய, செம்பு, செவ்வாய், செந்நெல் முதலியன அதன் சுற்றம். தொல்காப்பியனார் உரியியலிற் கறுப்பு, சிவப்பு என்னும் இரண்டற்கும் வெகுளியைப் பொருளாகக் கூறி, நிறத்தை உணர்த்துதலும் அவற்றிற்கு உண்டென்று அடுத்து உரைத்தார். ஆகவே தமிழ்ச் சிவப்பு நிறத்தையும் சினத்தையும் குறிக்க, வடமொழிச் சிவம் இன்முகத்தையும் அமைதியையும் குறிக்கின்றது. ஒலியால் நெருங்கிய இரண்டும் பொருளால் ஒருபுடை முரணி நிற்கின்றன.

உருத்திரன் என்னும் பெயர்க்குச் செந்நிறத்தோன் எனப் பொருள் கொண்டு, அப்பொருளையே தமிழ்ச் சிவப்பும் உணர்த்துதலாற் சிவன் என்னும் பெயர் திராவிட மொழியினின்று வடமொழி புகுந்தது என்று கூறினாரும் உளர். சுநீதி குமார் சாட்டர்ஜி (1890–1977) போன்ற பேரறிஞர் இக்கொள்கையை எடுத்துரைத்தமையால் அது பலர் உள்ளத்தைக் கவர்ந்தது. ஆயினும் அதனை ஏற்பதற்குத் தடைகள் உள. இருக்கு வேதத்திற் சிவ என்பது செந்நிறம் என்னும் பொருளில் வருவதில்லை. சதருத்திரீயத்தில் இறைவனது செம்மை கூற வேண்டியவிடத்துத் தாம்ரன் என்றும் அருணன் என்றும் வேறு சொற்களே கூறப்பட்டன. மங்கலம் கூற வேண்டியவிடத்துச் சுமங்கலன் என்றும் சிவன் என்றும் கூறப்பட்டது. இப்புறம் நோக்கின், எட்டுத்தொகை பத்துப்பாட்டுக்களில் இறைவன் முக்கட் செல்வன், ஆலமர் செல்வன், காரியுண்டிக் கடவுள் என்றிவ்வாறு குறிக்கப்படுகின்றானன்றிச் சிவன் என்னும் பெயராற் குறிக்கப்படுவதில்லை. தமிழிற் செந்நிறம் பற்றிப் பிறந்த பெயராயின் அப்பழைய செய்யுட்களில் அது வாராமை பொருந்துமாறில்லை.

எழுத்து வரலாறும் இதனையே வலியுறுத்தும். தமிழிற் செகரம், சிகரம் முதலாகிய சொற்கள் பல கன்னடத்திற் ககரம் முதலாக நிற்கின்றன. செவி அங்கே கிவி. சிறு அங்கே கிரு. செம்மை அங்கே கெம்பு. ஆகவே தமிழ்ச் சிவப்பின் முதலெழுத்து மிகப் பழங்காலத்திற் ககரமே. வடமொழிச் சிவம் என்பதன் முதலெழுத்தும் பழைய ககர வொலியொன்றின் திரிபே யென்பது சதம் என்பதற்கு இலத்தீனிற் கெந்தும் என்றும், தச என்பதற்குத் தெகெம் என்றும் வருதலால் விளங்கும். ‘இரண்டும் ககரமாயிருந்தன, ஆகவே ஒன்றே’ என்று ஈண்டு ஒருவர் விரையலாம். அங்ஙனம் விரைதல் பொருந்தாது. ஒன்றன் வேர்ப்பொருள் செம்மை. மற்றொன்றன் வேர்ப்பொருள் தங்குதல். ஒன்றன் சுற்றம் கன்னடத்துக் கெம்பு. மற்றொன்றன் சுற்றம் இலத்தீனத்துக் கீவிஸ். இரண்டு ஆறுகள் வெவ்வேறு மலையிற் பிறந்து ஒரே நிறத்து நீருடையவாய் ஓடினும், அவற்றின் ஊற்று ஒன்றாகாதவாறு போல இதனைக் கொள்க.

மூன்றாவதாகக் காணத்தக்கது எபிரேய மொழி வழக்கு. யூதர்கள் தம் நெருங்கிய சுற்றத்தார் ஒருவர் இறந்து அடக்கம் செய்யப்பட்ட பின்னர், ஏழு நாட்கள் இல்லத்தில் இருந்து துயர் காப்பர். அக்காலம் ஷிவா எனப்படும். ஷிவா என்பது அம்மொழியில் ஏழு என்னும் எண்ணுப் பெயர். அதன் உறுப்பு மெய்கள் மூன்று: ஷகரம், பகரம், மிடற்றின் அடியிற் பிறக்கும் அயின் என்பதோர் எழுத்து. உயிரின் பின் நிற்றலாற் பகரம் வகரம் போல ஒலிக்கும். அரபியில் ஏழனைக் குறிக்கும் சப்ஆ என்பது அதன் உடன்பிறப்பு. சத்தியம் செய்தலைக் குறிக்கும் எபிரேயச் சொல்லும் அம்மூன்று மெய்களையே உடையது. ஆனால் ஏழாம் நாள் ஓய்வைக் குறிக்கும் ஷப்பாத் என்பது, ஒலியாலும் கருத்தாலும் ஏழனோடு நெருங்கித் தோன்றினும், ஓய்தல் என்னும் பொருளுடைய வேறொரு வேரினது. தம் மொழியினுள்ளேயே இவ்வேறுபாட்டை அம்மொழிப் புலவர் காத்துவருதல் கருதத்தக்கது.

அத்துயர்க் காப்பின் முறைகள் அறியத்தக்கன. தந்தை, தாய், மகன், மகள், உடன்பிறந்தான், உடன்பிறந்தாள், கணவன் அல்லது மனைவி என்னும் எழுவகையார் பொருட்டு அது கொள்ளப்படும். துயருற்றோர் தாழ்ந்த இருக்கையில் அமர்வர், கண்ணாடிகள் மூடப்படும், ஏழு நாளும் ஒரு விளக்கு எரியும். அடக்கத்தின் பின் உண்ணும் முதலுணவை அயலார் கொண்டுவந்து ஊட்டுவர். தேற்ற வருவோர், துயருற்றவர் முதலில் வாய்திறக்கும் வரையிற் பேசாதிருத்தல் முறை. விவிலியத்தின் பழைய ஏற்பாட்டில், யோசேப்பு தன் தந்தையின் பொருட்டு ஏழு நாள் துயர் காத்தான் என்றும், யோபுவின் நண்பர் ஏழு பகலும் ஏழு இரவும் அவனோடு தரையில் வாய்திறவாது அமர்ந்திருந்தனர் என்றும் கூறப்படுகின்றது.

இவ்வொலியை இந்நாட்டுக் கரையிலேயே கேட்கவும் இடமிருந்தது. கொச்சியை யடுத்த மட்டாஞ்சேரியில் யூதர் தொழுகைக் கூடம் 1568-ஆம் ஆண்டில் எழுந்தது. 1948-ஆம் ஆண்டிற்குப் பின்னர் அவருட் பெரும்பாலார் இசுரவேல் நாடு சென்றனர். அவர்தம் இல்லங்களில் ஷிவா என்னும் சொல் ஏழு நாட் டுயரைக் குறித்து வழங்க, அந்நாட்டுக் கோயில்களிற் சிவநாமம் இறைவனைக் குறித்து ஒலித்தது. ஒரு காற்றில் இரண்டு ஒலியும் கலந்தன. இரண்டு பொருளும் கலக்கவில்லை.

இன்னும் இரண்டு ஒப்புமைகள் உள. எல்பு ஆற்றின் பக்கத்தே வாழ்ந்த மேலைச் சிலாவியர் வணங்கிய ஒரு பெண் தெய்வத்தின் பெயரைச் சிவா என 12-ஆம் நூற்றாண்டினராகிய எல்மோல்து என்னும் செருமானிய வரலாற்றாசிரியர் எழுதி வைத்தார். அப்பெயர் உயிருள்ளது என்னும் பொருளுடைய சிலாவியச் சொல்லின் அடியாக வந்ததென்பது பலர் முடிபு. அச்சொல்லுக்கு வடமொழியில் உடன்பிறப்பு ஜீவ என்பதேயன்றிச் சிவ என்பதன்று. ஒலியை மட்டும் நோக்கியவர் அங்கே சிவனைக் கண்டார். வேரை நோக்கியவர் சீவனைக் கண்டார். சீவனைச் சிவனெனக் கோடல் தத்துவத்தில் எத்துணைப் பிழையோ அத்துணைப் பிழை சொல்லாராய்ச்சியிலும் ஈண்டு நேர்ந்தது. எகிப்து நாட்டுப் பாலைவனத்துள் சீவா என்னும் பசுஞ்சோலை யொன்றுளது. கி. மு. 331-இல் அலெக்சாந்தர் அங்குச் சென்று அமோன் என்னும் தெய்வத்தின் குறி கேட்டான். அவ்வூர்ப் பெயரைக்கொண்டு அங்கே சிவ வழிபாடு இருந்ததென்று கூறுவாருமுளர். இடைக்கால அரபிய நூல்களில் அவ்விடம் சந்தரியா எனப் பெயர் பெற்றிருத்தலை அவர் நோக்கிலர்.

அற்றேல், சொற்களின் உறவை அறிதற்கு வழியே யில்லையோ எனின், உண்டு. 1786-ஆம் ஆண்டிற் கல்கத்தாவில் வில்லியம் சோன்சு வடமொழிக்கும் கிரேக்க இலத்தீன மொழிகட்கும் பொது மூலம் உண்டென்று கூறினார். 1816-இல் எல்லிசும், 1856-இற் கால்டுவெல்லும் தென்னாட்டு மொழிகள் தம்முள் ஓரினமாதலைக் காட்டினர். அவர் மேற்கொண்ட வழியாவது, ஒரு சொல்லை மட்டும் காணாது, ஓரெழுத்து ஒரு மொழியில் இன்னதாய் நிற்ப, மற்றொன்றில் இன்னதாய் நிற்கும் என்னும் ஒழுங்கைப் பல சொற்களிற் காண்டலாம். செவி கிவி யென்பது அத்தகையது. சதம் கெந்தும் என்பதும் அத்தகையது. இரவற் சொல்லாயின், ஒலியும் பொருளும் ஒத்தலோடு அப்பொருள் கைம்மாறிய வழியும் புலப்படல் வேண்டும். சாலமோன் மன்னனுக்குக் கப்பல் கொணர்ந்தவற்றுள் மயிலைக் குறிக்கும் துக்கி என்னும் எபிரேயச் சொல் தமிழ்த் தோகை யென்பர் கால்டுவெல் முதலியோர். ஆங்கு ஒலி ஒக்கின்றது, பொருள் ஒக்கின்றது, மயில் இந்நாட்டுப் பறவை, கடல் வாணிகமும் உண்டு. ஷிவாவிடத்தோ ஒலி யொன்றே யுளது. ஏனைய மூன்றும் இல.

இதனை அளவை முகத்தான் நோக்கினும் அமையும். அருணந்தி சிவாசாரியார் சித்தியாரில் அளவையைக் கூறுமிடத்து, ஏதுவையும் ஏதுப்போலியையும் பிரித்து ஓதினார். புகையுள்ள இடத்து நெருப்புண்டு என்பது மெய்யேது. பனிப்படலத்தைப் புகையெனக் கொண்டு நெருப்பைத் துணிதல் ஏதுவின் உண்மை தேராமை. இனி, ஒலியொப்புமை உறவுள்ள சொற்களிடத்தும் உண்டு. உறவில்லாத சொற்களிடத்தும் உண்டு. துணிபொருள் உள்ள இடத்தும் இல்லாத இடத்தும் ஒப்பச் சேறலின் அது அநைகாந்திகம் என்னும் ஏதுப்போலியாம். போலியைக் கொண்டு இறைவன் பெருமையை நாட்டுவார், பொன்னுக்குப் பித்தளைப் பூச்சு இடுவாரை ஒப்பர்.

ஈண்டுச் சிலர் தடை நிகழ்த்துவர். ‘எல்லா வாக்கும் சுத்தமாயையினின்றே தோன்றின என்பது சித்தாந்தம். அங்ஙனமாயின் எல்லா மொழியிலும் வரும் சிவ என்னும் ஒலி ஒரு மூலத்ததே யன்றோ?’ என்பது முதற் றடை. அதற்கு விடை: சூக்குமை, பைசந்தி, மத்திமை, வைகரி என நால்வகைப்படும் வாக்கினுள், பைசந்தியில் எழுத்துக்கள் மயில் முட்டையின் நீருள் தோகையின் வண்ணங்கள் போலப் பிரிவின்றி அடங்கி நிற்கும். மத்திமையில் அவை நிரல்பட்டு உள்ளே நிற்கும். வைகரியிற் செவிக்குப் புலனாகும். மொழி வேற்றுமையும் சொல் வேற்றுமையும் பின்னைய இரண்டிலேயே உள. முதற்காரணம் ஒன்றாதல் பற்றிக் காரியங்கள் ஒன்றாகா. குடமும் அகலும் மண்ணே. ஆயினும் குடத்தில் திரியிட்டு விளக்கேற்றுவார் இலர், அகலில் நீர் முகந்து வருவாரும் இலர். மேலும், மூலம் ஒன்றாதல் பற்றி ஒன்றெனின், சிவ என்னும் ஒலி மாத்திரமன்றி எல்லா மொழியின் எல்லாச் சொல்லும் ஒன்றாதல் வேண்டும். ஒன்றை மட்டும் தெரிந்தெடுத்தற்குக் காரணம் கூறல் அரிது.

‘சிவ என்னும் பெயர்க்கு மக்கள் வழக்கில் ஒரு வேரும் வரலாறும் உண்டெனின், அது மந்திரமாதல் யாங்ஙனம்?’ என்பது இரண்டாந் தடை. இதுவே மனத்தைப் பெரிதும் கலக்குவது. இதற்கு விடை திருவைந்தெழுத்தின் பொருள் கூறும் நூல்களிலேயே உளது. உமாபதி சிவாசாரியார் திருவருட்பயனில் ஐந்தெழுத்தின் நிலையைத் தனியோர் அதிகாரத்தால் விளக்கினார். சிகரம் சிவத்தையும், வகரம் அருளையும், யகரம் உயிரையும், நகரம் திரோதத்தையும், மகரம் மலத்தையும் குறிக்கும் என்பது சித்தாந்த மரபு. அங்கே சிவ என்பது மங்கலம் என்றும் பகுக்கப்படவில்லை. சிவப்பு என்றும் பகுக்கப்படவில்லை. கிடத்தல் என்னும் வேரும் வேண்டப்படவில்லை. எழுத்து எழுத்தாகப் பிரிந்து, ஒவ்வொன்றும் ஒரு மெய்ப்பொருளைக் குறித்து நிற்கின்றது. அப்பொருள் அகராதியினாற் பெறப்படுவதன்று. ஆசான் உபதேசத்தாற் பெறப்படுவது. ஆகவே சொல்லின் வரலாறு எவ்வாறு முடியினும் மந்திரத்தின் ஆற்றல் அதனால் மிகுவதுமில்லை, குறைவதுமில்லை. மண்ணை எந்த ஊரிலிருந்து எடுத்தனர் என்னும் வினா, திருவிளக்கின் ஒளியைத் தீண்டாது.

‘பொய்யாயினும் பக்தி வளருமாயின் தீங்கென்னை?’ என்பது மூன்றாந் தடை. தீங்கு மூன்றாம். முதலாவது, பொய்யை ஏணியாகக் கொண்டு ஏறியவன் ஏணி முறியும்போது வீழ்வான். இளைஞன் ஒருவனுக்கு, எபிரேயரும் சிலாவியரும் எகிப்தியரும் சிவனையே போற்றினர், அதனாற் சைவம் மெய் எனக் கற்பித்தால், அவன் பின்னர் ஷிவா என்பது ஏழு என அறிந்தவிடத்து, சான்று பொய்த்தது போலவே சமயமும் பொய்த்தது என்று எண்ணுவான். சைவத்தின் உண்மை பதி பசு பாச இலக்கணத்திலும், அருளாளர் அனுபவத்திலும் நிற்பது; அதனைச் சொல்லொப்புமையின்மேல் நிறுத்தியவர் அவ்விளைஞனுக்குச் செய்தது தீங்கே யாம்.

இரண்டாவது, அது பிறர்க்கு இழைக்கும் குற்றமாம். தந்தையை யிழந்து தாழ்ந்த இருக்கையில் அமர்ந்திருக்கும் ஒருவன்பாற் சென்று, ‘நீ கூறும் சொல் எங்கள் கடவுளின் பெயர்’ என்றால், அவன் துயரத்தை அறியாது அவன் சொல்லைக் கவர்ந்ததாகும். அவனுக்கு அச்சொல் ஏழு நாள். விளக்கு எரியும் ஏழு நாள். அயலார் வாய் திறவாது உடனிருக்கும் ஏழு நாள். ஒரு சொல் அதனை வழங்குவார்க்கு எப்பொருளைத் தருகின்றதோ அதுவே அதன் பொருள். அதனைத் தனக்கு வேண்டியவாறு திரித்துக்கொள்வது, அயலான் நிலத்தின் எல்லைக்கல்லைப் பெயர்த்து நடுவதனோடு ஒக்கும்.

மூன்றாவது, அது தம்முட் பூசலை விளைக்கும். சிவன் தமிழ்ச் சொல்லே யென்று ஒரு சாராரும், வடசொல்லே யென்று மற்றொரு சாராரும் வாதிட்டு, இரு திறத்தாரும் இறைவனைத் தம் மொழியின் புகழுக்குச் சான்றாக நிறுத்துகின்றனர். மொழிகள் இறைவனுக்கு ஏவல் செய்ய வேண்டுவன. இறைவன் மொழிகட்கு ஏவல் செய்பவனல்லன். இருமொழியையும் இறைவனே அருளினான் என்பது சைவர் கொள்கை. தேவாரம் அருளியோர் அவன் செம்மேனியைப் பாடினர். அவன் மங்கல வடிவினன் என்பதனையும் பாடினர். செம்மையும் மங்கலமும் அவன்கண் ஒருங்கு நிற்றல் பொருளின் இயல்பு; அதற்குச் சொற்கள் இரண்டும் ஒரு வயிற்றுப் பிறந்திருத்தல் வேண்டுவதில்லை. கவி யிருபொருள்படப் பாடலாம்; அடியார் அதனை நினைந்து உருகலாம்; அது சிலேடையின் இன்பம். அதனையே வரலாறாக எழுதுதல் மட்டும் ஆகாது.

சித்தியார், வேதாகமங்கள் முதலாக வைகரி முதல் நாதம் ஈறாகிய வாக்கின் வழி வரும் அறிவனைத்தையும் பாசஞானம் என வகுத்தமை ஈண்டு நினைக்கத்தக்கது. சொல்லின் பிறப்பை ஆராய்தலும் பாசஞானமே. அது இழிந்ததன்று, தன் எல்லையில் உண்மையோடு நடக்க வேண்டுவது. பாசஞானத்தாற் பதியை அளந்துவிடலாம் என்பது மயக்கம். பாசஞானத்திற் பொய் கலப்பினும் பதிக்குச் சிறப்பாகும் என்பது அதனினும் பெரிய மயக்கம். நாமமும் உருவமும் ஒன்றும் இல்லாதவனுக்கு ஆயிரம் பெயர் கூறிப் பாடுமாறு மணிவாசகப் பெருமான் பணித்தார். அவன் பெயர்கள் அடியார் அன்பினின்று எழுந்தன. அவற்றுள் எதுவும் அவனைக் கட்டுவதில்லை. எதுவும் அவனை விட்டுப் புறம்போவதுமில்லை.

அங்ஙனமாயின் எபிரேயரது ஏழு நாட் டுயரில் சைவர்க்குத் தொடர்பே இல்லையோ எனின், உண்டு. அது சொல்லில் இல்லை. துயர் நேர்ந்த வீட்டில் அடுப்பு மூட்டாதிருக்க, சுற்றத்தாரும் அயலாரும் உணவு கொண்டுவந்து ஊட்டும் வழக்கம் தமிழ்நாட்டிலும் உண்டு. ஒருவரிடமிருந்து ஒருவர் கற்றதன்று அது. ஒரு சொல்லினின்று கிளைத்ததுமன்று. துன்புறும் உயிரைக் கண்டு மற்றோர் உயிர் இரங்குதலே அதன் பிறப்பிடம். திருமூலர் அன்பையும் சிவத்தையும் இரண்டெனக் கொள்வாரை அறிவிலார் என்றார். அவ்வாறாயின், வாய் திறவாது உடனிருக்கும் அயலானது இரக்கத்தில் விளங்குவது எதுவோ, அதனைச் சைவர் தம் மொழியிற் சிவம் என்பர். அவன் அதற்கு அப்பெயர் இடான், இட வேண்டுவதுமில்லை. ஒலியொப்புமையில் தேடியவர்க்கு அகப்படாதது, பொருளில் நோக்கினார்க்கு ஈண்டு எளிதின் வெளிப்படுகின்றது.

ஆகலின் முடிந்த முடிபு இது: சிவ என்னும் ஒலி வடமொழியில் மங்கலமும், தமிழிற் செம்மையும், எபிரேயத்தில் ஏழும் ஆம், மூன்றும் வெவ்வேறு வேரின. அவற்றை வெவ்வேறாக அறிதல் திருநாமத்திற்கு இழுக்கன்று. உண்மையை உண்மையாகக் கூறுதலே, உண்மையே வடிவாய இறைவனுக்கு அடியார் செய்யத்தகும் வாய்மைத் தொண்டாம்.

திருச்சிற்றம்பலம்